காலுக்குக் கொடுத்த வயிற்று மாத்திரை

கட்டைப் பிரிக்கும் முன்பே புண்ணின் நிலவரத்தைச் சொல்லிவிடும் மூக்கு ஆரிபாவுக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் பக்கம், பத்துக் கட்டில் போட்ட சின்ன ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷம் கட்டுக் கட்டினாள். கண்ணாடி ஊசிகள் கொதிக்கும் ஆவியும் டெட்டாலும், எதிர்க்கடையில் பால் சுண்டும் வாசனையும் கலந்த அந்தக் காலை நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோகும். சம்பளத்தை நினைத்தால் நிறையாது. நர்ஸ் வேலை பார்த்தவளுக்குக் கடைசிவரை ஆயா சம்பளம். சான்றிதழ் இல்லையாம். எந்தப் புண்ணும் சான்றிதழ் பார்த்து ஆறுவதில்லை என்பது எந்த நிர்வாகத்துக்கும் உறைக்கவில்லை.

எண்பத்தெட்டாம் வருஷம் மம்சாபுரத்திலிருந்து கருத்தையாவைக் கொண்டுவந்து போட்டார்கள். வயல்கூலி. மண்வெட்டி வலது பாதத்தில் ஆழமாக இறங்கி, மேல்தோல் மூடிக்கொண்டு, உள்ளே சீழ் கோர்த்துவிட்டது. எல்லைச்சாமி அடித்துவிட்டது என்று ஊரில் பத்து நாள் திருநீறு போட்டிருந்தார்கள். பண்ணையார் வீட்டுக் கால் எதையும் அந்தச் சாமி ஒருநாளும் அடித்ததில்லை.

குருசாமி டாக்டர் சின்னதாகக் கீறி, ஜென்டாமைசின் ஊசி போட்டார். ஒரு வாரம் போட்டும் வீக்கம் முழங்காலை நோக்கி ஏறியது. மதுரைக்கு அனுப்பிய சீழுக்கு, ‘கிருமி எதுவும் வளரவில்லை’ என்று சீட்டு வந்தது.

“மருந்துக்கு அடங்க மாட்டேங்குது. மதுரைக்கு அனுப்பிருவோம்” என்றார் டாக்டர். “காலை எடுத்திருவாக. உயிராவது மிஞ்சும்.”

கருத்தையா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஒற்றைக் காலனை எவன் நடவுக்கும் அறுப்புக்கும் கூப்பிடுவான்?

வராந்தாவில் ஆரிபா டாக்டரை மறித்தாள்.

“சார், கோவிச்சுக்கிடாதீக. கிருமியே இல்லைன்னா, அம்புட்டு நாத்தமும் யாரோடது?”

 டாக்டர் அறைக்குள் போய்த் தடிப்புத்தகம் ஒன்றை இறக்கினார். வெளியே வந்தபோது முகத்தில் வெட்கம் இருந்தது.

“அது காத்து ஆகாத கிருமி, ஆரிபா. சீழைக் காத்துபட வச்சா எப்படி வளரும்? நம்ம ஊசி மருந்து உள்ள போகணும்னா கிருமி மூச்சு விடணும். இது மூச்சே விடாம பொழைக்கிறது. கதவை அடைச்சுக்கிட்டுக் கெடக்கு, நாம வெளிய நின்னு தட்டிக்கிட்டு இருக்கோம்.”

“அப்ப காலு?”

“அகலமாத் தொறந்து அழுகினதை எடுப்போம். மெட்ரோனிடசோல் மாத்திரை குடுப்போம். அது காத்தில்லாத கிருமிக்குள்ள போய்த்தான் வெசமா மாறும். கிருமி தன் பொழைப்பைப் பாக்கப் பாக்க அதுவே அதைக் கொல்லும். ஆனா அடுத்த புதன்கிழமை வரைக்கும்தான் பாப்பேன். காய்ச்சல் ஏறுனா அன்னைக்கே மதுரைதான்.”

அன்றே திறந்தார்கள். மூன்று நாள் ஆயிற்று. சனிக்கிழமை கட்டைப் பிரிக்குமுன்னே ஆரிபாவின் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. அதே நாற்றம்.

“மாத்திரை ஒழுங்காப் போடுதீகளா அண்ணாச்சி?”

கருத்தையா மனைவியைப் பார்த்தார். அய்யம்மாள் கூரையைப் பார்த்தாள்.

“ஏட்டி அய்யம்மா, எங்க மாத்திரை?” என்றாள் ஆரிபா.

“அதுவா… மூணாங் கட்டில் பாட்டையாவுக்கு வயித்துக்கடுப்பு. அவருட்டக் குடுத்துட்டேன்.”

“எதுக்கு?”

“பொறவென்ன நர்ஸம்மா, எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சீகளா? போன வருசம் எம்மகனுக்கு வயித்தால போனப்ப இதே மாத்திரையத்தான் குடுத்தாக. காலுப் புண்ணுக்கு எவனாவது பேதி மாத்திரை குடுப்பானா? கூலிக்காரப் பயதானன்னு மாத்திக் குடுத்திட்டாகன்னு நெனச்சேன்.”

மூன்றாம் கட்டிலிலிருந்து குரல் வந்தது: “எனக்கு வயித்துக்கு நல்லாக் கேட்டிருச்சு தாயி!”

ஆரிபாவுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அய்யம்மாளைத் திட்ட வாய் வரவில்லை. இன்ன மாத்திரை, இதற்காக என்று அவளுக்கு ஒரு வார்த்தை சொன்னவர் யார்? டாக்டர் வராந்தாவில் தனக்குச் சொன்னார். தான் கட்டிலருகே வந்து சொல்லவில்லை. ஏழைக்கு விளக்கம் எதற்கு என்ற புத்தி தனக்கும் ஒட்டிக்கொண்டதே என்று அவளுக்கு உறுத்தியது.

தரையில் உட்கார்ந்து, மூச்சு விடாத கிருமியின் கதையை முழுதாகச் சொன்னாள். அய்யம்மாள் வாயைப் பிளந்து கேட்டாள்.

“அப்ப வயித்துக்குள்ளயும் அதே மாதிரிக் கள்ளப்பயதான் ஒளிஞ்சிருக்கானா?”

“அவன் வேற ஆளு. ஆனா ஒளியுற எடம் ஒண்ணுதான், காத்து இல்லாத எடம்.”

அதன்பின் மூன்று வேளையும் ஆரிபா கண்முன்தான் மாத்திரை இறங்கியது. விடுமுறையான ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள். அன்றைக்கும் நாற்றம் அப்படியே இருந்தது. திங்கள் மாலை குறைந்த மாதிரி இருந்தது. தன் ஆசைதான் அப்படிக் காட்டுகிறதோ என்று அவளுக்குச் சந்தேகம். செவ்வாய்க்கிழமை கட்டைப் பிரித்துக் குனிந்தாள். ரத்த வாடையும் மருந்து வாடையும் மட்டும். புண்ணின் ஓரத்தில் சிவப்பாகப் புதுச்சதை. டாக்டர் பார்த்தார், மதுரைக்கு அனுப்ப எழுதி வைத்திருந்த சீட்டைக் கிழித்துப்போட்டார்.

நாற்பத்திரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கட்டிலுக்கடியில் ஒரே ஒரு செருப்புத்தான் கிடந்தது.

“வலது எங்கய்யா?” என்றாள் அய்யம்மாள்.

“மதுரைன்னு சொன்ன அன்னைக்கே தூக்கி எறிஞ்சிட்டேன். இல்லாத காலுக்கு எதுக்கு?”

“கூறுகெட்ட மனுசா!” என்று தலையிலடித்துக்கொண்டு, சேலை முனையால் கண்ணைத் துடைத்தாள்.

கருத்தையா இடது செருப்பையும் உதறிவிட்டு, கொதிக்கும் தார் ரோட்டில் இறங்கினார்.

“சுடுதுட்டி அய்யம்மா,” என்றார். “ரெண்டும் சுடுது.”