முடியாத தொடக்கவிழா

கல்லூரிப் பேச்சுப்போட்டிகளில் நான் தோற்றதில்லை என்பதைத் தற்பெருமையாகக் கொள்ள வேண்டாம், அது தகவல். ஆகவே, தொண்ணூறுகளின் ஒரு மழைக்காலத்தில், செம்பாக்கம் ஏரியை ஒட்டிய எங்கள் தெருவில் இளைஞர்கள் சேர்ந்து வெள்ள உதவிக் குழு அமைத்தபோது, சிறப்புரைக்கு வேறு ஆளைத் தேட வேண்டிய தேவை எழவில்லை.

குழுவுக்கு வேலை தயாராகவே இருந்தது. தெருவின் பள்ளமான கோடியில், இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் சூம்பிப்போன அக்கா ஒருவர் தனியாக வசித்தார். நல்ல காலால் தையல் மிஷினை மிதித்து, பாதித் தெருவுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தார். ஏரி நிரம்பினால் முதல் தண்ணீர் அவர் வீட்டுக்குள்தான் போகும். அன்று காலை ஏரி வழியத் தொடங்கியிருந்தது. அவரையும் மிஷினையும் மேட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், அவ்வளவே.

ஆனால் தொடக்கவிழா இல்லாமல் எப்படித் தொடங்குவது? மேடான தெருமுனையில் தார்ப்பாய் கட்டி, மேசை போட்டு, ஒலிபெருக்கி வைத்தோம். பேசுவோருக்கு நேரம் உணர்த்த, கல்லூரியிலிருந்து மணியொன்றை நானே வாங்கி வந்திருந்தேன். அக்காவை நாற்காலியோடு இருவர் தூக்கி வந்தார்கள். மிஷினுக்காகத் திரும்பிப் போக வேண்டிய அவ்விருவரும், வரவேற்புரையில் தங்கள் பெயர் வருகிறதா என்று கேட்பதற்காக முன்வரிசையில் அமர்ந்துவிட்டார்கள்.

அடுத்தது, தலைமை யார் என்ற சிக்கல். வயல்களை மனைகளாக விற்ற ஊர்ப் பெரியவரும், ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரியும் ஒரே நாற்காலியின் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து இது எங்க ஏரி. நான் ஒக்காராம வேற யாரு ஒக்கார்றது?" என்றார் பெரியவர்.

"அப்ப உங்க ஏரிய நீங்களே வெச்சுக்குங்க சார். எங்க வாசலுக்கு ஏன் அனுப்பறீங்க?" என்றார் அதிகாரி.

தலைவர் இல்லாத கூட்டம் எந்த மேடை மரபிலும் கிடையாது. யாருக்காகக் கூட்டமோ அவரே தலைவர் என்று அறிவித்தேன். மற்றவர் அமராத வரையில், யார் அமர்ந்தாலும் இருவருக்கும் சம்மதம்.

அக்காவை மேடையேற்றி, மணியை அவர் கையில் கொடுத்து, பொன்னாடை போர்த்தினோம். பெரியவர் ஒன்று போர்த்தினார். உடனே அதிகாரியும் ஒன்று போர்த்தினார்.

"போதும்பா, வேர்த்துக் கொட்டுது. மிஷினைத் தூக்கினு வந்துட்டீங்களா?" என்றார் அக்கா.

"தலைவர் கடைசியிலதான் பேசணும்க்கா. அதான் முறை" என்றேன்.

பிறகு எழுந்தேன். "அவைத்தலைவர் அவர்களே! அடுத்த வீட்டில் வெள்ளம் ஏறும்போது அமைதியாய் அமர்ந்திருப்பவன் மனிதனா?" என்று தொடங்கினேன். அனைவரும் அமைதியாய் அமர்ந்து கைதட்டினார்கள்.

மணி அடித்தது. எனக்குரிய நேரம் மிச்சமிருந்ததால் தொடர்ந்தேன். மறுபடியும் அடித்தது. தலைவர் ஒலிவாங்கியைத் தம் பக்கம் இழுத்தார்.

"தம்பி, நல்லாத்தான் பேசற. ஆனா தண்ணி இந்நேரம் மிஷின்கிட்ட வந்திருக்கும். அது போச்சுன்னா என் சோறு போச்சு. நான்தானே தலைவரு? சொன்னா கேப்பீங்கதானே?"

"தலைவர் சொல்வதே முடிவு" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

"அப்ப கூட்டத்த என் வூட்டுக்கு மாத்திட்டேன். மீதிய அங்க வந்து பேசு."

விதி விதிதான். தலைவர் நாற்காலியோடு முன்னே சென்றார். பெரியவரும் அதிகாரியும், அவருக்கு வலப்பக்கம் யார் நடப்பது என்று முட்டிக்கொண்டே, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்தொடர்ந்தார்கள். ஒயர் எட்டாததால் ஒலிபெருக்கி மட்டும் வரவில்லை.

முழங்கால் நீரில் அவை மீண்டும் கூடியது. மிஷினின் மிதிகட்டை மூழ்கியிருந்தது. மேல்பாகத்துக்குத் தண்ணீர் ஏற அதிக நேரமில்லை. மிஷினைத் தூக்க வேண்டும் என்று பெரியவர் முன்மொழிந்தார். அதை வழிமொழிய மறுத்த அதிகாரி, முதலில் துணிமூட்டையைத்தான் எடுக்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். மடியில் வைத்திருந்த மணியைத் தலைவர் ஓங்கி அடித்தார்.

"ரெண்டும் பாஸ்! தூக்குங்கய்யா!"

இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள்.

"சார், உங்க பக்கம் சாயுது."

"சாயறது உங்க பக்கம். எப்பவுமே உங்க பக்கம்தான்."

துணிமூட்டையைத் தலையில் சுமந்தபடி நான் உரையின் இரண்டாம் பகுதியை நிறைவு செய்தேன். கைதட்டல் கேட்டதாகவே நினைவு. எவர் கையும் காலியாக இல்லாதபோது அது எப்படிக் கேட்டது என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

மிஷின் மேல்பாகம் நனையாமல் மேடையேறியது. நன்றியுரைக்கு நான் எழுந்ததும் மணி அடித்தது.

"நன்றி சொன்னா இன்னா ஆவும் தம்பி?"

"கூட்டம் முடிஞ்சிடும்க்கா."

"அப்ப சொல்லாத."

மணி அவரிடமே தங்கிவிட்டது. ஏரி வழியும்போதெல்லாம் அடிப்பார். கூட்டம் இன்னும் நடந்துகொண்டிருப்பதால், பெரியவரும் அதிகாரியும் உட்பட அனைவரும் போய் மிஷினைத் தூக்குவோம். தண்ணீர் வடிந்ததும் கொண்டுபோய் வைப்போம். கல்லூரியில் மணியைத் திருப்பிக் கேட்டார்கள். நிகழ்ச்சி நிறைவடையவில்லை என்று விளக்கினேன்.

நன்றியுரை என்னிடம் தயாராக இருக்கிறது. மிகச் சிறந்த உரை. தலைவர் அனுமதித்தால் எந்த மழையிலும் நிகழ்த்துவேன். அவர்தான் அனுமதிப்பதாக இல்லை.