வாசு பார்க்காத குதிரைகள்

காலையில் முதல் ஐஸ் பாளத்தை இறக்கும் முன் வாசு கையுறையைக் கழற்றிவிடுவார். உள்ளங்கையைப் பாளத்தின்மேல் அழுத்தி, குளிரின் குத்தல் மரத்துப்போகும்வரை நிற்பார். பிறகு அந்தக் கையைக் கண்களில் ஒற்றிக்கொள்வார். மலேசியாவின் கிள்ளான் ஐஸ் ஃபேக்டரியில் அவர் சாமி கும்பிடுவதே அப்படித்தான் என்று கூட்டாளிகள் கேலி செய்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துமலைப் பக்கத்துப் பாறைகளில் கயிறு கட்டி ஏறப் போவார். அங்கே பழகிய ஜெயராஜ்தான் தொண்ணூற்று மூன்றில் தென் அமெரிக்காவின் எக்குவடோருக்குப் போகும் ஆசையைக் கிளப்பிவிட்டது. ஒரே நாட்டுக்குள் கடல், காடு, பனிமலை.

இடுப்பு வலியால் அதிகம் நடமாட முடியாத மனைவி புஷ்பவல்லி, "போய்ட்டு வாங்க. சாமான் ஒன்னும் வேணாம். மலைமேலேருந்து என்னா தெரிஞ்சிச்சின்னு வந்து சொல்லுங்க, போதும்" என்றாள்.

எக்குவடோரின் காடு ஊர்ப்பக்கத்து உலு லங்காட் காடு மாதிரியே இருந்தது; கொசுவின் சத்தம்கூட அதேதான். மலைக்கு ஜீப்பில் ஏறிய அன்று ஒரே மழை. கீழே எதுவும் தெரியவில்லை. மறுநாள் பனியில் நடந்து பழகும்போது வெயில் அடித்தது.

"கறுப்புக் கண்ணாடியப் போடுங்கண்ணே" என்றான் ஜெயராஜ்.

"கிள்ளான்காரனுக்கு வெயிலு புதுசா லா? குளிருதான் பயம். அதையும் ஃபேக்டரியிலயே பாத்தாச்சி."

கண்ணாடி வழியே பனி அழுக்காகத் தெரிந்தது. அந்த நிறத்தைப் புஷ்பாவிடம் எப்படிச் சொல்வது? பகல் முழுக்க வெறுங்கண்ணோடு இருந்தார். வெள்ளைக்குள்ளே ஒரு நீலம். பாளத்தின் நடுவில் தெரியுமே, அதே நீலம்.

சாயங்காலம் கண்ணில் மணலை அள்ளிப் போட்டாற்போல் எரிந்தது. இமையைத் திறக்க முடியவில்லை. பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைச் சுட்டுவிட்டது, சில நாளில் சரியாகிவிடும், ஆனால் உச்சிக்குப் போக முடியாது என்று சொல்லி வழிகாட்டி கண்களைத் துணியால் கட்டிவிட்டார்.

"நீ ஏறு ஜெயராஜு."

"உங்கள இங்க உட்டுட்டா? அக்கா என்னைய உரிச்சிருவாங்க."

காலையில் ஜெயராஜின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"அவகிட்ட போயி என்னாத்தச் சொல்றது?" என்றார் வாசு.

ஜெயராஜ் நின்றான். "கீழ ஒரு குளம் தெரியுதுண்ணே. பக்கத்துல காட்டுக் குதிரைங்க. ஒன்னு கறுப்பு, நெத்தியில மட்டும் வெள்ளை."

"எத்தனை இருக்கும்?"

"எண்ணிக்கிட்டுதான் வரேன். கால வழுக்காம வைங்க."

ஊர் திரும்பியதும், கண் கட்டியிருந்ததைப் புஷ்பவல்லியிடம் அவர் மறைக்கவில்லை. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. வெங்காயம் நறுக்கும்போது, "அந்தக் கறுப்புக் குதிரைய இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்பாள். சொல்லிச் சொல்லி அது அவர் கண்ணாலேயே பார்த்தது போல ஆகிவிட்டது.

பல வருடம் கழித்து, ஷா ஆலமில் ஜெயராஜின் புது வீட்டுக்குப் பால் காய்ச்சும் நாளில், வந்தவர்களிடம் வாசு குதிரைகளைப் பற்றி ஆரம்பித்தார். ஜெயராஜ் அவரை மெல்ல வாசலுக்கு அழைத்துப்போனான்.

"அண்ணே, அன்னிக்கு மூடுபனி. முன்னால போன வழிகாட்டியோட முதுகுகூட எனக்குத் தெரியல. அந்தக் குதிரை நாம தங்கின ஹோட்டல் காலண்டர்ல இருந்தது."