டொல்பின் பார்க்கப் போன காலை

எனக்கு ஒன்பது வயதாக இருந்த டிசம்பர் விடுமுறையில்தான் உம்மாவோடு முதன்முதலாகக் கற்பிட்டிக்குப் போனேன். யுத்தம் முடிந்து ஓரிரு வருடங்களே ஆகியிருந்தன. அங்கே உம்மாவின் தங்கை, என் சாச்சி, கலியாணம் முடித்துக் குடியிருந்தார். கண்டியில் ஸ்வெட்டரும் டியூஷனுமாக வளர்ந்த எனக்கு அந்த ஊர் பிடித்துப்போக அரை நாள்கூடத் தேவைப்படவில்லை.

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏரிபோல் அலையில்லாத களப்பு, நடுவில் அவசரம் என்றால் என்னவென்றே தெரியாத ஊர். தெருவில் கழுதைகள் நின்றால் பஸ்ஸும் நின்றது. ஹோர்ன் அடிப்பது மரியாதையில்லை என்பதுபோல் சாரதி காத்திருந்தார். நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் கடைக்காரர்கள் பாதிக் கதவைச் சாத்திவிட்டுத் தூங்கினார்கள். பசிக்குப் பனிஸ் வாங்கப் போன என்னிடம் ஒருவர் கண்ணைத் திறக்காமலே, "அலுமாரில இரிக்கி, எடுத்துக்கங்க மகள்" என்றார். களப்பில் வெள்ளைக்காரர்கள் பெரிய பெரிய பட்டங்களைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் வழுக்கிப் போனார்கள். வளர்ந்தவர்களையும் யாரும் ஏசாமல் விளையாட விடுகிற ஊர் என்று எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

சாச்சியின் கணவருக்கு, அதாவது சாச்சாவுக்கு, ஒரு மீன்பிடிப் படகு இருந்தது. அந்த வருடம்தான் அதில் டொல்பின் பார்க்க வருபவர்களை ஏற்றத் தொடங்கியிருந்தார். "நாளைக்கு ஆக்கள் இல்ல. வெள்ளன புள்ளயக் கூட்டிட்டுப் போறேன்" என்று பகல் சாப்பாட்டின்போது சொன்னார். நான் துள்ளியதில் மீன் ஆணம் பாயில் கவிழ்ந்தது. உம்மா அதைத் துடைத்தபடியே, "வாணாம். கரையில நிண்டு பாக்கட்டும்" என்றார்.

கரையில் நின்றால் டொல்பின் தெரியாது என்று அழுதேன். பின்னேரத் தேத்தண்ணியை மறுத்தேன். இனி உம்மாவோடு கதைப்பதில்லை என்று உம்மாவிடமே சொன்னேன். அவர் மசியவில்லை. கடைசியில் சாச்சிதான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ராத்தா, இப்ப அந்தக் கடல்ல புள்ளைகள் சிரிச்சிட்டுப் போய் வாறாங்க" என்றார். காலையில் நான் கண் விழித்தபோது, உம்மா முக்காடு போட்டுச் செருப்பும் மாட்டி வாசலில் நின்றார்.

"நானும் வாறேன்."

படகில் உம்மா ஒரு கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மற்றக் கையால் என் உயிர்காப்பு அங்கியின் வாரைப் பிடித்திருந்த பிடியில் எனக்கு மூச்சு முட்டியது. அவர் உதடுகள் துஆ ஓதிக்கொண்டேயிருந்தன. நெடுநேரம் தண்ணீரைத் தவிர எதுவும் இல்லை. என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்கும்போதுதான் சாச்சா எழுந்து நின்று, "அந்தா!" என்று கத்தினார்.

முதலில் ஒரு கரிய முதுகு. பிறகு பத்து. பிறகு எண்ண முடியவில்லை. படகுக்கு முன்னாலும் பக்கத்திலும் பாய்ந்தன. சில தண்ணீரை விட்டு மேலே எழும்பி, பம்பரம்போல் சுழன்று விழுந்தன. ஒன்று விழுந்ததில் தெறித்த தண்ணீர் எங்கள் முகத்தில் அடித்தது. நான் கூச்சலிட்டதில் தொண்டை அடைத்துவிட்டது. உம்மாவும் சிரித்தார். முக்காடு சரிந்ததுகூடத் தெரியாமல், வாரை விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் தட்டிச் சிரித்தார். உம்மாவால் அவ்வளவு சத்தமாகச் சிரிக்க முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

சாச்சா என்ஜினை நிறுத்தினார். உம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மன்னார் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். சாச்சா வடக்கே கையை நீட்டினார். உம்மா அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

டொல்பின்கள் எல்லாம் இந்தப் பக்கம் துள்ளிக்கொண்டிருந்தன. நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "உம்மா, அங்க ஒண்டுமில்ல. இங்கால பாருங்க!"

"ஓம் மகள், பாக்கிறேன்" என்றார். திரும்பவில்லை.

உம்மா மன்னார்த் தீவில் பிறந்தவர் என்பது எனக்குத் தெரியும். யுத்தத்தில் முஸ்லிம்களை ஊரைவிட்டுப் போகச் சொன்ன நாளில், பத்து வயதுப் பிள்ளையாக, கைக்குழந்தையாக இருந்த சாச்சியை மடியில் கிடத்திக்கொண்டு இதே கடல் வழியாகத்தான் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கினார் என்பது பல வருடங்கள் கழித்தே தெரியவந்தது. அன்றைக்கு எனக்கிருந்த வருத்தம் வேறு. விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் போனதும் வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன்: எங்கள் உம்மாவுக்கு டொல்பின் பார்க்கவே தெரியாது.