கணிமைச் சிந்தனையும் ஒரு காலைத் தொடர்வண்டியும்

கணிமைச் சிந்தனை, அதாவது சிக்கலைக் கூறுபடுத்தி, ஒப்புமை கண்டு, வேண்டாதன விலக்கி, படிப்படியாகத் தீர்க்கும் முறை, எம் மாணாக்கருக்கு விளங்கவில்லை என்போர் பலர். அதனை அவர்கள் எதுவென்று விளங்கிக்கொண்டனர் எனக் கூறுவோர் அரியர். ஆதலின், பிரிக்பீல்ட்ஸ் கல்லூரியொன்றில் பகுதிநேர விரிவுரையாளனாக நான் கண்டதை எழுதிவைக்கக் கடமைப்பட்டுள்ளேன்.

அன்று கணிமைச் சிந்தனைப் பாடத்தின் வாய்மொழித் தேர்வு. கிள்ளானில் நான் ஏறிய தொடர்வண்டியில் என் மாணவி ஒருத்தியும் இருந்தாள். அப்பாடத்தில் முன்னரே இருமுறை தவறியவள். மீண்டும் தவறினால் படிப்பைவிட்டே விலக வேண்டும். வழியில் பத்து தீகா நிலையத்தில் வண்டி நின்றுவிட்டது. தாமதமாகும் என்ற அறிவிப்பைக் கேட்டவள், தேர்வுக்கு வரவிருந்த தோழியருக்குக் கைப்பேசியில் குரற்செய்தி அனுப்பினாள்.

"ஏய், இன்னும் ஏறாதவங்க ஏறாதீங்க, சேந்து கார் புக் பண்ணுங்க. ஏறினவங்க, வண்டி நகந்துச்சுனா சுபாங்ல எறங்கி எல்.ஆர்.டி. ரயில் எடுங்க. நகரலனா வெளிய பஸ் பிடிங்க. காலேஜ் பக்கத்துல தங்கியிருக்கறவ மொதல்ல எக்ஸாமுக்கு உள்ள போகட்டும் லா, நாம கடைசி."

அவ்வாறே அனைவரும் உரிய நேரத்தில் சேர்ந்தனர். நானும் அவள் சொன்ன வழியிலேயே வந்தேன்.

தேர்வறையில் துறைத்தலைவர் அவளிடம் வரைவிலக்கணம் கேட்டார். நான்கு உட்பிரிவுகளையும் பிசகாமல் ஒப்பித்தாள்.

"சரிம்மா, உன் லைஃப்ல இருந்து ஒரு எக்ஸாம்பிள்?"

"பல்லு விளக்கறது சார்." வகுப்பில் காட்டும் படவில்லையில், அதாவது ஸ்லைடில், இருந்த எடுத்துக்காட்டு அது.

"அத ஏன் பிரிச்சுப் பாக்கணும்?"

அவள் நான்கு உட்பிரிவுகளையும் மீண்டும் ஒப்பிக்கத் தொடங்கினாள். நான் குறுக்கிட்டேன்: "இன்று காலை வண்டி நின்றபோது என்னம்மா செய்தாய்?"

"சாரி சார், ட்ரெயின் லேட்டு. நீங்களும்தானே இருந்தீங்க?"

"அதை எப்படிச் சமாளித்தாய்?"

"அது சும்மா அவசரத்துக்கு சார். அதுல கம்ப்யூட்டரே இல்லையே!"

துறைத்தலைவர் என் பக்கம் திரும்பினார். "சார், க்ளூ குடுக்காதீங்க."

அவர் கூறியது விதிப்படி சரியே. அவள் தவறினாள்.

"எங்கள எல்லாம் கொண்டாந்து சேத்துட்டு நீ எறங்கிட்டியேடி, டிரைவரு!" என்றாள் வெளியில் நின்ற தோழி. என் மாணவி சிரிக்க முயன்றபடி சொன்னாள்:

"ஸ்லைடுல அவ்வளவுதான்டி இருந்துச்சு. இன்னும் ரெண்டு பக்கம் குடுத்திருந்தா அதையும் மனப்பாடம் பண்ணியிருப்பேன்."

அன்று தேர்ச்சி பெற்றோரிலும் பெரும்பாலோர் பல் துலக்குவதையே கூறினர். அவர்களிடம் 'ஏன்' என்னும் அடுத்த வினா கேட்கப்படவில்லை. மறுவாரம் அவள் மாணவர் அட்டையை அலுவலகத்தில் ஒப்படைத்துச் சென்றாள். பாடத்தின் அந்தப் படவில்லை இன்றளவும் மாறவில்லை. மாற்றுமாறு நான் கேட்டதற்கு மறுமொழியும் இல்லை.

கலைச்சொல்லிலோ, செய்தியிலோ, அன்று காலை அவள் செய்தது கணிமைச் சிந்தனையே என்னும் என் கணிப்பிலோ பிழை இருப்பின் அறிந்தோர் சுட்டித் திருத்துக. என் கணிப்பு பிழையாயின் அதனை அறிவதில் மகிழ்வேன்.