கிழங்கு விளக்கு

குளிர்நாட்டு நகரமான ஊஸ்டரில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் ஒக்ரோபர் மாதத்தின் கடைசி வாரம் வந்துவிட்டால், வாசலுக்கு வாசல் ஒரு பூசணிக்காய் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். படிக்கட்டுக் கைப்பிடியில் பஞ்சை இழுத்துச் சிலந்திவலை செய்திருப்பார்கள். கடிதப்பெட்டிகளுக்கு மேலே எலும்புக்கூட்டுப் பொம்மை ஒன்று தொங்கும். என் மனைவிக்கு இவை எல்லாம் பிடிக்கும். ஐந்து மணிக்கே இருள் விழும் காலத்தைக் கடந்து போவதற்கு ஏதேனும் ஒரு விளையாட்டு வேண்டும் என்பாள்.

எதிர்வீட்டுக்காரர் மட்டும் பூசணிக்காய் வைப்பதில்லை. தனித்து வாழ்ந்த, ஓய்வுபெற்ற தச்சர் அவர். பூசணிக்காய் அயலிலிருந்து வந்த புதுமோகம் என்பது அவர் கட்சி. தம் தாய் செய்தபடியே, ரேபெ என்னும் கிழங்கைக் குடைந்து விளக்காக்குவார். வெளியே ஊதாத் தோலும் உள்ளே வெண்சதையும் கொண்ட, தேங்காய் அளவான கிழங்கு அது. சுவர் தாளாக மெலியும்வரை உள்ளே சுரண்டித் தோலில் நிலவும் விண்மீனும் செதுக்கி, மெழுகுதிரி வைத்துக் கதவில் மாட்டுவார். ஏற்றியதும் கிழங்கு முழுவதும் உள்ளிருந்து சிவக்கும். வெந்த கிழங்கின் மணம் எங்கள் வீடுவரை வரும்.

அந்த ஆண்டு என் மனைவியின் மார்பில் ஒரு கட்டி தென்பட்டது. ஊசியால் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, உடல் முழுவதையும் படம் பிடித்திருந்தார்கள். முடிவைத் திங்கட்கிழமை சொல்வதாக இருந்தது. காத்திருந்த நாள்களில் அவளால் வீட்டில் இருக்க முடியவில்லை. மூன்று மாலைகள் எதிர்வீட்டுச் சமையலறையில் அமர்ந்து, கறுவாவும் கராம்பும் இட்டுச் சூடாக்கிய ஆப்பிள் சாற்றைக் குடித்தபடி, அவளே கிழங்கைக் குடைந்தாள். தச்சர் கத்தி பிடிக்கும் விதத்தை மட்டும் திருத்தினாராம். அவர் கதவில் அந்த முறை தொங்கியது அவள் செதுக்கிய விளக்கு. எங்கள் கதவைத் திறந்தால் அதன் விண்மீன்கள் நேரே தெரியும்.

சமையலுக்கும் துணைக்குமாக என் அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தார். வந்து இரண்டு வாரமே ஆகியிருந்தது. இந்நாட்டு மொழியும் தெரியாது. படிக்கட்டைப் பார்த்துவிட்டு வந்து மல்லிக்கோப்பியை என் முன்னால் வைத்தவர், குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“தம்பி, இவங்கள் ஏன் வாசலுக்கு வாசல் கழிப்புக் கழிச்சு வைச்சிருக்கிறாங்கள்?”

கண்ணூறு கழிப்பதற்குப் பூசணிக்காயை வெட்டிக் குங்குமம் தடவி வாசலில் வைக்கும் நம் வழக்கத்தைத்தான் அவர் அதில் கண்டார். நான் சிரித்தேன்.

“அது சோடினை அக்கா. பேய் வேசம் போட்டு வாற பிள்ளையளுக்கு இனிப்புக் குடுக்கிற கொண்டாட்டம்.”

“சோடினைக்கு எலும்புக்கூட்டைத் தொங்கவிடுவினமோ? உனக்குப் படிப்புக் கூடிப்போச்சு. எல்லாரும் தங்கட வீட்டுத் தோசத்தை வெளியிலை எடுத்து வைச்சிருக்கினம். எங்கட வாசல் மட்டும் வெறுமையாக் கிடக்கு. முன்வீட்டான்ரை விளக்கு எங்கட கதவைத்தான் பாத்துக்கொண்டு நிக்குது. அந்தப் பிள்ளைக்கு வருத்தம் சும்மாவே வந்தது?”

அதைச் செதுக்கியதே அந்தப் பிள்ளைதான் என்று அன்று நான் சொல்லியிருக்க வேண்டும். நடக்கப் போவதாகச் சொல்லிவிட்டு நோயுற்றவள் அந்நிய வீட்டில் போய் இருந்தாள் என்று அக்கா வருந்துவார் என எண்ணிச் சொல்லாது விட்டேன்.

திங்கட்கிழமை காலை மருத்துவமனைக்குப் புறப்பட்டபோது எதிர்க்கதவில் விளக்கு இல்லை. பேருந்துத் தரிப்பிடத்துக்கு அருகே இரண்டு தெருக்கள் சந்திக்கும் இடத்தில் அது சிதறிக் கிடந்தது. வெண்சதையில் குங்குமம் ஊறியிருந்தது. பக்கத்தில் கற்பூரம் எரிந்த கரி. எலுமிச்சம்பழப் பாதிகள் இரண்டு. வேலைக்குப் போகிறவர்கள் விலகி நடந்தார்கள். ஒருவர் நின்று, சோடினையை நன்றாகச் செய்திருக்கிறார்கள் என்று தம் கைபேசியில் படமும் எடுத்துக்கொண்டார்.

நாங்கள் குளித்து உடுத்த நேரத்தில் அக்கா வெளியே போய் வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. என் மனைவி குனிந்தாள். முழுதாக ஒரு விண்மீன் மிஞ்சியிருந்த துண்டை எடுத்துத் துடைத்து, மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. கட்டி தீயது, ஈரலிலும் பரவியிருந்தது.

திரும்பி வரும்போது பேருந்தில் அவள் சொன்னாள்: “மச்சாளுக்கு இப்ப சொல்லாதேங்கோ. வந்த நாளிலையிருந்து அவ ஒழுங்கா நித்திரை கொள்ளேல்லை.”

கதவைத் திறந்த அக்கா எங்கள் முகத்தைப் பார்த்தபடியே நின்றார்.

“ஒண்டுமில்லையாம் மச்சாள்,” என்றாள் என் மனைவி. “வெறும் கொழுப்புக் கட்டியாம்.”

அக்கா அந்த இடத்திலேயே நிலத்தில் அமர்ந்து அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “நான் சொன்னனான்தானே? நீதான் பல்லைக் காட்டினாய்.”

அன்று மாலை என் மனைவி எதிர்வீட்டுக்குப் போய் நடந்ததையும் முடிவையும் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். தச்சர் நிலவறைக்கு இறங்கிப்போய் இன்னொரு கிழங்கைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாராம். அதை அவள் நான்கு நாள்களில் முடித்து, இம்முறை எங்கள் கதவிலேயே மாட்டினாள். அக்கா பதறினார்.

“பிள்ளை, கழிச்சதைத் திரும்பக் கொண்டந்து வீட்டிலை ஏத்துவினமோ?”

“பேய் வந்தாலும் தடக்கி விழாமல் வரட்டும் மச்சாள்.”

அக்கா சிரிக்கவில்லை. அதை உடைக்கவும் அவருக்குக் கை வரவில்லை. நவம்பர் நடுவில் விசா முடிந்து அவர் ஊருக்குப் போனார். அதற்கு அடுத்த வாரம் என் மனைவிக்கு மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். சித்திரையில், இனி மறைக்க இயலாது என்றான பின், வேறொரு நோய் புதிதாக வந்திருக்கிறது என்று அவருக்குச் சொன்னோம். ஆடியில் என் மனைவி இறந்தாள். தச்சர் மயானத்தில் கடைசி வரிசையில் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் அக்கா தொலைபேசியில் அழைத்தார்.

“நான் கழிச்சது ஒருக்கால் சுகமாக்கித் தந்தது தம்பி. அந்தக் கிழவன் ரெண்டாவது ஒண்டைக் குடுத்துக் கெடுத்துப்போட்டான். நான் அதையும் உடைச்சிருக்க வேணும். என்ரை பிழை.”

முதல் நாளிலேயே முடிவு தீயதாக இருந்தது என்று சொன்னால் தச்சரின் மேலுள்ள பழி நீங்கும். அக்காவின் பிழையும் நீங்கும். ஆனால் நிலத்தில் அமர்ந்து அழுத அந்த ஒரு நாளின் மகிழ்ச்சி பொய்யாகிப் போகும். தம் வாழ்வில் தாம் செய்ததொன்று பலித்தது என்று அவர் நம்பிய நாள் அது. என்னால் சொல்ல முடியவில்லை.

இப்போது ஆண்டுதோறும் அந்த வாரத்தில் மறவாமல் அழைக்கிறார். இந்த முறை அவர் அழைத்தபோது நான் எதிர்வீட்டுச் சமையலறையில் இருந்தேன். ஆப்பிள் சாறு ஆறிக்கொண்டிருந்தது.

“தம்பி, அந்தச் சனியனை இப்ப வாசலிலை வைக்கிறேல்லைத்தானே?”

“இல்லை அக்கா. அதெல்லாம் விட்டாச்சு.”

“அந்தாளோடை கதைக்கிறேல்லையே?”

மேசைக்கு அந்தப் பக்கத்தில் தச்சர் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தம்மைப் பற்றிய பேச்சென்று அவருக்குத் தெரியாது. அக்காவை விசாரித்ததாகச் சொல்லும்படி கையால் சைகை காட்டினார்.

“இல்லை அக்கா,” என்றேன்.