மூடியின் மேல் ஊதிய மூச்சு

ஒருவர் விட வேண்டிய மூச்சை இன்னொருவர் விடலாமா? 

பைக் என்ஜின்களின் அலுமினிய மூடிகளைப் பளபளப்பாக்கும் பட்டறை அது. முதல் அறையில் கணவர், சுழலும் துணிச் சக்கரத்தில் மூடியை அழுத்திப் பிடித்து மெருகேற்றுவார். அடுத்த அறையில் மனைவி அதன்மேல் நிறமில்லாத வார்னிஷ் அடிப்பாள். வார்னிஷ் இல்லாவிட்டால் இரண்டு மழையில் பளபளப்பு மங்கிவிடும். அவர் மெருகேற்றிய மூடியில் மீசையின் நரைமுடிகளை எண்ணலாம். அதனால் பட்டறையில் அவர் பெயரே 'கண்ணாடி'.

வார்னிஷுக்கு முன், எண்ணெய்ப் பசை போக மூடியைத் தின்னரில் கழுவுவார். கழுவியது போதுமா என்று பார்க்க, முகமூடியைக் கழுத்துக்கு இறக்கி, 'ஹா' என்று நீளமாக ஊதுவார். மூச்சின் ஈரம் ஒரே சீராகப் படர்ந்து மறைந்தால் சுத்தம். திட்டுத்திட்டாக நின்றால் எண்ணெய்ப் பசை மிச்சமிருக்கிறது. அங்கே வார்னிஷ் பிடிக்காது. நாளுக்கு அறுபது மூடி. ஒவ்வொரு ஊதலுக்கும் முன்னால் நெஞ்சு நிறைய ஓர் இழுப்பு. அந்த அறைக் காற்றிலோ சாம்பல் நிறத் தூசு ஓயாமல் மிதந்தது. இப்படிப் பதினெட்டு வருடம்.

ஒருநாள் முதலாளி ஏழு மூடிகளைக் கொண்டுவந்து அவள் மேசையில் போட்டார். கடையிலிருந்து திரும்பி வந்தவை.

"என்னம்மா, உன் வார்னிஷ் வெங்காயத் தோல் மாதிரி உரியுது? கண்ணு தெரியலையா?"

"டப்பாவும் அதேதான், கையும் அதேதான் முதலாளி."

"அப்ப கண்ணாடி தப்பு பண்ணிட்டானா? இன்னொரு தடவை திரும்பி வந்தா ரெண்டு பேர்ல ஒருத்தர் வீட்டுக்குப் போகணும். யாருன்னு நீங்களே பேசிக்கோங்க."

அவள் நேராகக் கணவரின் அறைக்குப் போய், கழுவிவைத்த மூடி ஒன்றை நீட்டினாள்.

"ஊதுங்க."

"இப்பத்தானே ஊதினேன்."

"என் கண்ணு முன்னாடி ஊதுங்க."

அவர் மூச்சை இழுத்தார். பாதியிலேயே இருமல் பிடித்துக்கொண்டது. மேசையைப் பிடித்தபடி குனிந்துவிட்டார். மூடியின் மேல் எச்சில் தெறித்தது. அதில் இளஞ்சிவப்பாக ஏதோ இருந்தது. இருமல் அடங்கியதும் அவர் துடைத்தது வாயை அல்ல, மூடியை.

"எத்தனை நாளா?"

"மூணு மாசமிருக்கும். சளிதான். ஊதினா தெறிக்குது, அதான் விட்டுட்டேன்."

"ஆஸ்பத்திரிக்குப் போலாம், கிளம்புங்க."

"போனா சக்கரத்தை விடுன்னுவாங்க. விட்டுட்டு? வீட்டுல உட்கார்ந்து உன் பாத்திரத்துக்கெல்லாம் மெருகு போடவா?"

அவள் சிரிக்கவில்லை. அன்றே கையைப் பிடித்து இழுத்துப் போயிருக்க வேண்டும். ஆனால் அவள் அந்த மூடியை வாங்கிக் கழுவினாள். தன் வாயால் ஊதினாள். ஈரம் ஒரே சீராகப் படர்ந்து மறைந்தது.

"இனி நானே கழுவி ஊதிக்கிறேன். நீங்க முகமூடியைக் கழட்டாதீங்க. முதலாளிக்குத் தெரிய வேண்டாம்."

வேலையும் தப்பித்தது, நெஞ்சும் தப்பித்தது என்று நினைத்தாள். அதன்பின் ஒரு மூடியும் திரும்பி வரவில்லை. முதலாளி முகம் மலர்ந்தது. கழுவும் நேரம் மிச்சமானதால் கணவர் நாளுக்கு எண்பது மூடி போட்டார். முகமூடியோ நூறு தடவை துவைத்த துணி. தூசு அதில் தாராளமாகப் போய்வந்தது. அவர் மூச்சு எவ்வளவு குறைந்துவிட்டது என்று காட்டிய ஒரே வழி அந்த ஊதல்தான். அதை அவளே மூடிவிட்டாள்.

நான்கு மாதம் கழித்து, படியேற முடியாமல் அவர் உட்கார்ந்துவிட்ட அன்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்த டாக்டர் கேட்டார்: "இந்த நுரையீரலோட எப்படிம்மா வேலை பார்த்தார்?"



கடைசி நாட்களில், ஆக்சிஜன் முகமூடிக்குள் அவர் மூச்சு திட்டுத்திட்டாகப் படிந்து மறைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் காலை அது படியவில்லை.

இப்போது சக்கரத்தில் வேறொருவர் நிற்கிறார். காலையில் அவர் உள்ளே போகுமுன் அவள் ஒரு மூடியை நீட்டுகிறாள்.

"ஏக்கா, நேத்தே நல்லாத்தானே கழுவினேன்?"

"மூடியைப் பார்க்கலை. உன்னைப் பார்க்கிறேன். ஊது."

மெருகுச் சக்கரத்தின் முன் நிற்பவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? இதை அவரிடம் சொல்லுங்கள். அதற்கு முன், அவர் இருமலை வீட்டிலிருந்து கேட்பவரிடம் சொல்லுங்கள்.