ஆள்காட்டிகள் கத்தவில்லை

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நான் கதை கட்டுகிற ஆள் இல்லை. ஒரு கொக்கைக்கூட இரண்டு தடவை பார்க்காமல் நோட்டில் ஏற்றாதவன்.

குளிர்காலத்தில் கடற்கரைச் சதுப்புக்கு வரும் பறவைகளை எண்ணுவது எனக்கும் அத்தானுக்கும் பத்து வருஷப் பைத்தியம். அத்தான் என் அக்காவின் கணவர். நான் டெலஸ்கோப்பில் பார்த்து எண்ணைச் சொல்வேன். அவர் பின்னால் நின்று அதைத் திருப்பிச் சொல்லி எழுதுவார். நடுவில் கண்ணை எடுத்தால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. ஆளை விழுங்கும் சேறு என்பதால், நோட்டின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இரண்டு கட்டம் இருக்கும்: உள்ளே போனவர்கள், திரும்பியவர்கள்.

"ஏழு மணிக்குள்ள கடல் ஏறிடும். அவரைத் தனியா விட்டுடாதடா," என்றுதான் அக்கா அனுப்பினாள்.

காலை 6.10. ஒரே மூடுபனி. ஒரு பறவையும் காணோம். எனக்கோ டீ இல்லாமல் கை ஓடவில்லை.

"அத்தான், பிளாஸ்க்கை வண்டியிலயே விட்டுட்டோம்."

"மச்சானுக்குச் சேவகம் பண்ணவே பொறந்திருக்கேன், போ!" நோட்டைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு நடந்தார். அரை கிலோமீட்டரில் ஓர் ஓடை. அதன் மேல் ஒற்றைப் பலகை. அதைத் தாண்டித்தான் வண்டி.

6.31. எதிரே மட்டும் பனி விலகி, உள்ளான் பறவைக் கூட்டம் வந்து இறங்கியது. அப்பப்பா, என்ன கூட்டம்! கண்ணை வைத்தேன்.

"ஐம்பது," என்றேன், பழக்கத்தில்.

"ஐம்பது." பின்னாலேயே அவர் குரல்.

வந்துவிட்டார். அப்பாடா என்றிருந்தது.

"நூறு."

"நூறு."

ஒரு கிண்டல் இல்லை. சும்மா இருக்கிற வாயா அது? அதோடு, பாதை நெடுக ஆள்காட்டிகள். நாய் நடந்தாலே ஊரைக் கூட்டுகிற பறவை. இவர் வந்ததற்கு ஒன்றுகூடக் கத்தவில்லை...

டொக்... டொக்...

எதன் மேலோ நீர் சொட்டியது.

"அத்தான், டீ எங்க?"

பிடரிக்குப் பின்னால் சேற்று வாடைதான் வந்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணை எடுத்தால் எண்ணிக்கை போய்விடுமே! பாழாய்ப் போன எண்ணிக்கை.

6.52.

"எழுநூத்தி நாப்பது. அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்."

திரும்பினேன்.

யாரும் இல்லை.

சேற்றில் அவர் போன தடம் இருந்தது.

வந்த தடம் இல்லை...

ஓடினேன். பலகை புரண்டு கிடந்தது. ஓடையில், மார்பு வரை சேற்றில் புதைந்து, தலைக்கு மேல் தண்ணீர் ஏறி, அத்தான். அவர் கைக்கடிகாரம் 6.52-இல் நின்றிருந்தது. பிளாஸ்க் வண்டியில் வைத்த இடத்திலேயே இருந்தது.

"அரை மணி நேரமாவது உயிரோட இருந்திருப்பார். யாராவது போயிருந்தா இழுத்திருக்கலாம்," என்றார் டாக்டர்.

ஒரு வாரம் கழித்து, போலீஸில் அத்தானின் சட்டைப்பை நோட்டைக் கொடுத்தார்கள். அக்கா அதை உலர்த்திப் பிரித்தாள். பென்சில் எழுத்து அழியவில்லை. ஐம்பது, நூறு என்று எழுநூற்று நாற்பது வரை, அவர் கையெழுத்தில், நான் சொன்ன அத்தனை எண்ணும் இருந்தன.

"உன் பின்னாலயேதானே நின்னாரு... ஒரு தடவை திரும்பிப் பாத்திருக்கக் கூடாதாடா?"

நான் அடியில் அதே கையெழுத்தில் நிரப்பியிருந்த கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே போனவர்கள்: 2.

திரும்பியவர்கள்: 1.